முல்லரின் காலை உணவு

ஜார்ஜ் முல்லர் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்காதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. பிரிஸ்டல் நகரத்து அனாதை இல்லம். காலைச் சாப்பாட்டுக்கு ஒண்ணுமே இல்லை. பிள்ளைகள் காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். முல்லர் ஜெபம் பண்ணுகிறார். கதவு தட்டப்படுகிறது, ரொட்டிக்காரர் நிற்கிறார். பின்னாலேயே ஒரு பால் வண்டி வாசலில் உடைந்து நின்றுவிடுகிறது. எங்க டீச்சர் அந்த இடம் வரும்போது மேஜையைத் தட்டிக் காட்டுவாங்க. நாங்களும் கதவைத் திரும்பிப் பார்ப்போம்.

இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றி இல்லை. அதே முல்லர் 1841 மே மாதத்தில் எழுதி வைத்த ஒரு குறிப்பு, அதில் வரும் வேறொரு காலை உணவு, அதைப் பற்றி. ஆத்துமாவின் ஆகாரம் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்பது அதன் சாரம். அது தனித் துண்டுப்பிரதியாக அச்சாகிக்கொண்டே இருக்கிறது. வாலிபர் முகாம்களில், காலைத் தியானம் பற்றிய பிரசங்கங்களில் அதைச் சொல்லாதவர்கள் இல்லை. நானும் முகாம் ஒன்றில்தான் முதலில் கேட்டேன். சமீபத்தில் அந்தக் குறிப்பை அது முதலில் இருந்த இடத்தில், அதாவது முல்லரின் நாட்குறிப்புகளுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். அங்கே அது வேற மாதிரி இருந்தது. அந்த வித்தியாசத்தைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

குறிப்பு என்ன சொல்கிறது

முல்லர் சொல்வது எளிமையான விஷயம். பத்து வருஷமாவது அவர் காலையில் உடை மாற்றியதும் முழங்காலில் நின்று ஜெபிக்கத் தொடங்குவது வழக்கம். ஆனால் மனசு நிற்காது. பத்து நிமிஷம், கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம்கூட எங்கெங்கோ அலைந்த பிறகுதான் உண்மையான ஜெபம் ஆரம்பிக்கும். பிறகு ஒரு மாற்றம் செய்தார். முதலில் ஜெபம் இல்லை, முதலில் வேதம். புதிய ஏற்பாட்டில் ஒரு சின்னப் பகுதி. அதை வசனம் வசனமாக யோசிப்பது. யோசிக்க யோசிக்க அதுவே பாவ அறிக்கையாகவோ நன்றியாகவோ மற்றவர்களுக்கான மன்றாட்டாகவோ மாறிவிடும். ஜெபிக்க உட்காரவில்லை, ஆனால் ஜெபித்துக்கொண்டிருப்பார்.

இதற்கு அவர் தரும் காரணம் சாப்பாடு. வெளி மனிதன் சாப்பிடாமல் ரொம்ப நேரம் வேலை செய்ய முடியாது. உள் மனிதனுக்கும் அப்படித்தான். அவனுடைய உணவு ஜெபம் அல்ல, தேவனுடைய வார்த்தை. ஜெபத்தில் நாம் பேசுகிறோம், பேச பலம் வேண்டும், பலத்துக்கு முதலில் சாப்பிட வேண்டும்.

நான் இந்தக் குறிப்பில் மதிப்பது இந்த வரிசையைத்தான். நம்ம ஊர்ப் பக்தியில் ஜெபம் என்றாலே உழைப்பு. முழங்கால் தேய ஜெபிப்பது, இரவு முழுக்க ஜெபிப்பது, உபவாச ஜெபம், சங்கிலி ஜெபம். நல்லதுதான். ஆனால் இதிலெல்லாம் கொடுக்கிறவன் மனுஷன், வாங்குகிறவர் கடவுள் என்கிற மாதிரி ஒரு கணக்கு தெரியாமலே வந்துவிடுகிறது. முல்லர் அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறார். காலையில் எழுந்ததும் கடவுளுக்கு நான் என்ன செய்யலாம் என்பது முதல் கேள்வி இல்லை. அவர் எனக்கு ஊட்ட நான் வாயைத் திறந்தேனா என்பதுதான். பசியோடு இருக்கிறவன்கிட்ட வேலை கேட்கிற எஜமான் இல்லை அவர். இது வேதாகமம் முழுக்க ஓடுகிற எண்ணம்தான். வனாந்தரத்தில் மன்னா விழுந்த பிறகுதான் சீனாய் மலையில் பத்துக் கட்டளை. யாத்திராகமம் 16க்குப் பிறகுதான் 20.

அசைபோடுதல்

இன்னொன்றும் முல்லர் சரியாகப் பிடித்திருக்கிறார். சும்மா வாசிப்பது சாப்பாடு ஆகாது. குழாய் வழியாகத் தண்ணீர் ஓடுவது மாதிரி வசனம் மனசு வழியாக ஓடிப் போய்விடக்கூடாது என்கிறார். யோசிக்க வேண்டும், தனக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

தமிழில் இதற்கு அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது: அசைபோடுதல். மாடு அவசரமாக மேய்ந்ததை நிழலில் படுத்து மறுபடி மெல்லுவதையும், மனுஷன் கேட்டதை மறுபடி நினைத்துப் பார்ப்பதையும் நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். இடைக்கால ஐரோப்பியத் துறவிகளும் வேத தியானத்துக்கு லத்தீனில் இதே பொருள் தரும் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள்.

எபிரேய மூலத்தில் இன்னும் சுவாரசியம். முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் தியானம் பண்ணுகிறவனைப் பற்றி வருகிறதல்லவா, அங்கே இருக்கும் வினைச்சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது, தாழ்ந்த குரலில் உறுமுவது என்று பொருள். ஏசாயா 31இல் இரையைப் பிடித்த சிங்கம் அதன்மேல் நின்று உறுமுவதற்கும் இதே சொல்தான். ஆக, தியானம் என்றால் கண்ணை மூடி அமைதியாக இருப்பது மட்டும் இல்லை. வாயில் வைத்திருக்கிற இரையை விடாமல் உறுமுவதும்தான்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஆச்சி ஞாபகம்தான் வந்தது. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயில்ல கேட்ட வசனம் ஒண்ணு ரெண்டு மனசுல நிக்கும். அதை வாரம் முழுக்க முணுமுணுத்துட்டே இருப்பா. நெல்லு அவிக்கும்போது, முற்றம் பெருக்கும்போது, பேரப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போது. சில சமயம் வசனம் தப்பாத்தான் இருக்கும். ரெண்டு வசனம் சேர்ந்து ஒண்ணாயிருக்கும். ஆனா உதடு நிக்காது. 'ஹாகா' என்ற சொல்லுக்கு அகராதி பார்த்தபோது, இதை நான் சின்ன வயசிலேயே பார்த்தாச்சே என்று தோன்றியது.

முல்லரின் குறிப்புக்கு எதிரான முதல் கேள்வியும் ஆச்சிகிட்டே இருந்துதான் வருகிறது. முல்லர் காலை உணவுக்கு முன் வயல்வெளியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடந்தபடி தியானித்தவர். கையில் கண்ணுக்கு இதமான பெரிய எழுத்துப் புதிய ஏற்பாடு. எழுத்தறிவும் நேரமும் தனிமையும் உள்ள ஆணின் காலை அது. நாலரை மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிற பெண்ணுக்கு இந்தக் குறிப்பு என்ன சொல்கிறது? துண்டுப்பிரதியை மட்டும் படித்தால், நீ ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்திரு என்றுதான் சொல்லும். முகாம்களில் அப்படித்தான் சொல்லியும் கொடுத்தார்கள்.

துண்டு எப்படி உத்தி ஆனது

இங்கேதான் என் முக்கியமான குறை. அது முல்லர்மேல் இல்லை, அவரை நாம் வெட்டி எடுத்த விதத்தின்மேல்.

நாட்குறிப்பிலிருந்து பிரித்ததும் குறிப்பு ஓர் உத்தியாக மாறிவிடுகிறது. காலையில் இதைச் செய், நாள் நன்றாகப் போகும். போதாக்குறைக்கு, எழுதியவர் யார்? வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தவர். ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுப்பி, ஒரே நேரத்தில் 2000 பிள்ளைகள் தங்க இடம் உண்டாக்கியவர். 1898இல் 92 வயதில் சாகும்போது அவர் கைவழியாக ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு வந்து போயிருந்தது. இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த ரகசியம் என்று குறிப்பை நீட்டினால் யார்தான் வாங்க மாட்டார்கள்?

ஆத்தும ஆகாரம் இப்படித்தான் சத்து மாத்திரை ஆகிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து கூடையிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை நினைத்துப் பாருங்கள். வருஷம் முழுக்கத் தாங்க வேண்டிய ஒரே ஒரு வசனம், அது எந்தப் பேச்சின் நடுவிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அட்டையைக் குறைசொல்ல வரவில்லை. ஆச்சியின் ஒற்றை வசனமும் சந்தர்ப்பம் அறுந்ததுதான். ஆனால் ஆச்சி அதை மென்றாள். அட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக் கிடக்கிறது. மன்னாவை மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்கு என்ன ஆனது என்று அதே யாத்திராகமம் 16 சொல்கிறது. புழு வைத்தது.

கணக்குப் புத்தகத்துக்கு நடுவில்

இனி குறிப்பை அதன் இடத்தில் திரும்ப வைத்துப் பார்க்கலாம். முல்லர் 1837 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தன் வாழ்க்கை விவரணம் படிக்க அப்படியொன்றும் உருக்கமான புத்தகம் இல்லை. பாதிக்கு மேல் கணக்கு. இன்று இத்தனை ஷில்லிங் வந்தது, இத்தனை பென்ஸ் மீதம், நாளைக்கு ரொட்டிக்கு இவ்வளவு வேண்டும். 1838 செப்டம்பரிலிருந்து சில வருஷங்கள் அநேகமாகத் தினமும் இந்தப் பாடுதான். அப்போது ஆஷ்லி டவுன் கட்டடங்கள் கிடையாது. வில்சன் தெருவில் வாடகை வீடுகள், நூறு பிள்ளைகளுக்குக் கிட்ட. கடனுக்கு எதுவும் வாங்குவதில்லை என்பது அவர் வைத்திருந்த விதி. காசு இல்லை என்றால் ரொட்டி இல்லை.

ஆத்தும ஆகாரக் குறிப்பு இந்த வருஷங்களின் நடுவில் எழுதப்பட்டது. வெற்றி பெற்ற பெரியவர் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்ன ரகசியம் இல்லை அது. 35 வயது மனுஷன், மறுநாள் ரொட்டிக்குக் காசு இருக்குமா என்று தெரியாத காலத்தில் எழுதினது. இது தெரிந்ததும் குறிப்பின் தொனியே மாறுகிறது. உள் மனிதனுக்கு உணவு வேண்டும் என்று அவர் சொல்லும்போது, உணவு அங்கே வெறும் உவமை இல்லை. உணவில்லாத பயம் என்ன என்று தெரிந்தவர் எடுத்த சொல் அது. அவர் ஆத்தும ஆகாரத்தைக் காட்டி வயிற்றுப் பசியை ஒருநாளும் சமாதானப்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கு வசனமும் கொடுத்தார், ரொட்டியும் கொடுத்தார். ஒன்றுக்குப் பதில் மற்றது என்ற பேச்சே விவரணத்தில் இல்லை.

துண்டுப்பிரதியில் இல்லாத இன்னொரு விஷயம், மற்றவர்கள். 1838இல் நிலைமை மோசமானபோது முல்லர் தன்னோடு வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு உண்மை நிலையைச் சொன்னார். வெளியே யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் உள்ளே மறைக்கவில்லை. அவர்கள் கூடி ஜெபித்தார்கள், தங்கள் சொந்தக் காசைப் போட்டார்கள், சொந்தப் பொருள்களை விற்றார்கள். பல நாள் ரொட்டி இப்படித்தான் வந்தது. வாசலில் பால் வண்டி உடைவதைவிட இது எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது. சம்பளம் சரியாக வராத ஒரு வேலைக்காரப் பெண் தன் கையிருப்பை எடுத்துக் கொடுப்பதும் கடவுள் ஊட்டுவதுதான். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அப்பத்தைக் கேட்கிற இடத்தில் 'எனக்கு' இல்லை, 'எங்களுக்கு'தான் இருக்கிறது. குறிப்பு தனியாளின் காலையைப் பற்றிப் பேசுகிறது. அதைச் சுற்றியுள்ள பக்கங்கள் அந்தத் தனியாள் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டதைச் சொல்கின்றன.

நமக்கும் இதற்கும் உள்ள உறவு

முல்லர் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. பிரஷ்யாவில் பிறந்த அவர் படித்தது ஹாலே பல்கலைக்கழகத்தில். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குக்கும் அவர் மிஷனுக்கும் பின்னால் நின்ற அதே ஹாலே. பிரிஸ்டலில் அனாதை இல்லம் தொடங்கத் தூண்டுதலாக இருந்ததும் ஹாலேயில் அனாதை இல்லம் நடத்திய ஃபிராங்கேயின் வாழ்க்கைதான். முல்லரின் மனைவி மேரி, ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸின் தங்கை. பல் மருத்துவத் தொழிலை விட்டு 1833இல் இந்தியா வந்த அந்தக் குரோவ்ஸின் செல்வாக்கில்தான் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தார். ஆக, 'விசுவாச ஊழியம்' என்று நாம் சொல்வதற்கும் பிரிஸ்டலுக்கும் ஒரு குடும்பத் தொடர்பே உண்டு.

அதனால்தான் இன்றைய நிலை உறுத்துகிறது. யாரிடமும் கேட்பதில்லை என்று தொடங்கி க்யூஆர் கோடில் முடிகிற செய்திகள் எல்லார் போனிலும் வருகின்றன. முல்லரையும் சிலர் இப்படிக் கேட்டார்கள்: வருஷா வருஷம் அறிக்கை அச்சடிப்பதே ஒருவகையில் கேட்பதுதானே? நியாயமான கேள்வி. அந்த அறிக்கைகளைப் படித்துத்தான் பலர் பணம் அனுப்பினார்கள் என்பதை மறுக்க முடியாது. முல்லருடைய நடைமுறையில் நான் முழுசாகச் சமாதானம் ஆகாத இடம் இது. ஆனால் அவருக்கே அந்த உறுத்தல் இருந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1841 டிசம்பரில், பணம் அடிமட்டத்தில் இருந்தபோது, வருடாந்தரக் கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளி வைத்தார்கள். இப்போது வெளியிட்டால் மறைமுகமாகக் கேட்டது போலாகும் என்று. அடுத்த சில மாதங்கள் ரொம்பக் கஷ்டம். மே மாதம் ஆத்தும ஆகாரத்தைப் பற்றி எழுதின அதே மனுஷன், அதே வருஷம் டிசம்பரில் எடுத்த முடிவு இது. அந்த உணவு அவருக்கு எதைச் செய்யப் பலம் கொடுத்தது என்று கேட்டால், கேட்காமல் இருக்க என்பேன்.

எலியாவின் அடை

கடைசியாக, முல்லரோடு நான் வேறுபடும் ஓர் இடம். முதலில் வார்த்தை, பிறகுதான் மற்றது என்ற வரிசை நல்ல வழக்கம். ஆனால் அதை எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய சட்டமாக்கினால் வேதாகமமே ஒத்துக்கொள்ளாது.

முதலாம் இராஜாக்கள் 19. எலியா ஓடி ஓடிக் களைத்து, செத்தால் போதும் என்று ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்திருக்கிறார். தூதன் வந்து வசனம் சொல்லவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார். தூதன் மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொல்கிறான். கடவுளின் மெல்லிய சத்தம் வருவது நாற்பது நாள் நடந்த பிறகுதான். இங்கே வரிசை தலைகீழ். முதலில் அடை, தண்ணீர், தூக்கம். வார்த்தை கடைசியில்.

அப்பா இறந்த வருஷம் எனக்கு வேதத்தைத் திறக்க முடியவில்லை. திறந்தால் எழுத்து தெரியும், பொருள் ஏறாது. மூத்த விசுவாசி ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார், தியான நேரம் குறைஞ்சதுதான் காரணம், காலையில ஒரு மணி நேரம் ஒதுக்குங்க என்று. முல்லரின் துண்டுப்பிரதியையும் கொடுத்தார். படித்தேன். நான் ஏற்கெனவே செய்ய முடியாததை ஏன் செய்யவில்லை என்று கேட்கிற மாதிரி இருந்தது. அந்த மாசங்களில் பக்கத்து வீட்டுச் சித்தி தினம் சாயங்காலம் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். துவையல் மேல்தட்டில் இருக்கும். ஒரு வசனமும் சொன்னதில்லை. "சட்டியக் கழுவாண்டாம்யா, நானே எடுத்துக்கிடுதேன்" என்பார்கள், அவ்வளவுதான்.

நான் மறுபடி வாசிக்க ஆரம்பித்தது எந்த நாள் என்று நினைவில்லை. ஆனால் கஞ்சி முதலில் வந்தது, வார்த்தை பிறகு வந்தது. இதை முல்லரிடம் சொன்னால் மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை. நூறு பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்குப் பென்ஸ் எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். மறுப்பது அவருடைய கணக்குப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு நாம் கையில் வைத்திருக்கிற துண்டுதான்.

அந்தத் துண்டுப்பிரதி இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. நல்ல குறிப்பு. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், முதலில் அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.